கரிசல் பிள்ளைகளின் மாலைநேரம்

2019 நவம்பரில் லான்செட் குழும இதழ் ஒன்றில் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் உடலசைவு பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ரெஜினா குத்தோல்டும் அவருடைய குழுவினரும் 146 நாடுகளில் 11 முதல் 17 வயது வரையுள்ள 16 லட்சம் மாணவர்களிடம் எடுத்த கணக்குகளை ஒன்றுசேர்த்துப் பார்த்திருந்தார்கள். அந்த வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவுகோல். 2016 நிலவரப்படி உலகப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. இந்தியாவில் எட்டாதவர்கள் ஏறத்தாழ 74 சதவீதம். உலகச் சராசரியைவிட நாம் கொஞ்சம் மேல் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு ஆய்வாளர்கள் சொன்ன காரணத்தைப் பலர் கவனிக்கவில்லை. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பெண் பிள்ளைகள் வீட்டுவேலை செய்கிறார்கள், அதனால் இருக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள்.

தண்ணீர்க் குடத்தைச் சுமந்து வருகிற பெண் பிள்ளையும் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிற பையனும் அந்தக் கணக்கில் ஒரே கட்டத்துக்குள் நிற்கிறார்கள். கரிசல் காட்டைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாது.

நான் சொல்கிற கரிசல், 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட மணியாச்சி ரயில் நிலையத்தை ஒட்டியது. சுட்ட வாஞ்சிநாதனின் நினைவாக வாஞ்சி மணியாச்சி என்று அந்த நிலையம் இன்று பெயர் தாங்கி நிற்கிறது. ரயில் பாதை இங்கே திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்குமாகப் பிரிகிறது. வடக்கே கடம்பூர், குமாரபுரம், கோவில்பட்டி என்று போகிற வழி முழுக்க மானாவாரிக் கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம், மிளகாய் விதைக்கிற மண். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு அசைகிறார்கள், எவ்வளவு உட்கார்ந்திருக்கிறார்கள், அது அவர்கள் உடம்பை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு, உலகத்தில் கிடைக்கும் சான்றுகளை இந்த மண்ணின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால்தான் விடை கிடைக்கும். எனக்குக் கிடைத்த விடை இது: கரிசல் பிள்ளைகளின் உடம்பு, உழைப்பிலிருந்து நேராக உட்காருதலுக்குப் போய்விட்டது. நடுவில் வந்திருக்க வேண்டிய விளையாட்டு, பெரும்பாலான பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, வரவேயில்லை.

“எங்க காலத்துல செருப்பில்லாம அஞ்சு மைல் நடந்து பள்ளிக்கூடம் போனோம். இப்ப உள்ளதுக தெருமுக்குக்குப் போகணும்னாலும் வண்டி கேக்குதுக” என்று சொல்லாத பெரியவர் இந்தப் பக்கம் இல்லை. நடந்தது உண்மைதான். கூடவே என்னென்ன செய்தார்கள் என்பதையும் சொன்னால் கதை மாறிவிடும். சுள்ளி பொறுக்கினார்கள். ஆடு மேய்த்தார்கள். கோடையில் கிணறு வற்றினால் பக்கத்து ஊர் வரைக்கும் தண்ணீருக்கு அலைந்தார்கள். பருத்தி எடுக்கிற காலத்தில் பள்ளிக்கூடம் போகாமல் காட்டுக்குப் போனார்கள். பாதிப் பேர் ஐந்தாம் வகுப்போடு நின்றார்கள். அவர்களுடைய உடம்பு வேகமாக அசைந்தது. அந்த அசைவுக்கு ஈடான சோறு வயிற்றுக்குள் போகவில்லை. அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று ஆரோக்கியத்தின் பெயரால் ஏங்குவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

இன்னொன்றும் உண்டு. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளை முதன்முதலில் நாள் முழுக்க உட்காரவைத்தது செல்போன் இல்லை, தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ் என்பதுதான் பேச்சு. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி முக்கோணத்தில் 1970-களிலும் 80-களிலும் விடியுமுன்னே வண்டிகள் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. மரச் சட்டத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, கட்டு போடுவது எல்லாமே சம்மணம் போட்டோ குத்துக்காலிட்டோ குனிந்தபடி செய்கிற வேலை. விரல் மட்டும் பறக்கும். உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அவர்களில் பெரும்பகுதி பெண் பிள்ளைகள். கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ படம் அந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதான். பிள்ளைகள் உட்கார்ந்தே கிடப்பதை நவீனத்தின் நோய் என்று எழுதுகிறவர்கள், கரிசலில் அது வறுமையின் வேலையாக முதலில் வந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சிவகாசிப் பிள்ளைகளை முன்வைத்து, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தோடு சேர்ந்து சோறும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது. காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் தொடங்கிவைத்தது இதே கரிசலின் எட்டயபுரத்தில்தான். 1982-ல் அது எம்.ஜி.ஆரின் சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. பஸ் பாஸ் வந்தது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இலவச சைக்கிள் வந்தது. இன்று மணியாச்சிப் பக்கத்து ஊரில் பத்தாம் வகுப்பைத் தாண்டாத பெண் பிள்ளையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இது இந்த மண் கண்ட மிகப் பெரிய நல்ல மாற்றம். இதில் எதையும் யாரும் திருப்பித் தரக்கூடாது.

ஆனால் அந்த மாற்றம் பிள்ளையின் நாளை முழுக்க வாங்கிக்கொண்டது. தனியார் பள்ளி வேன் காலை ஏழேகால், ஏழரைக்கெல்லாம் ஊருக்குள் வந்துவிடும். கோவில்பட்டிக்கோ கயத்தாறுக்கோ ஒட்டப்பிடாரத்துக்கோ போய்ச் சேர்ந்து, எட்டுப் பீரியட் பெஞ்சில் இருந்து, ஐந்தரைக்கு வீடு திரும்பினால் ஆறு மணிக்கு டியூஷன். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் கூடுதல். எட்டயபுரத்துப் பாரதி பாப்பாவுக்குப் போட்டுக்கொடுத்த நாளில் மாலை முழுவதும் விளையாட்டுக்கு இருந்தது. இப்போது அந்த மாலைக்கு ஆளாளுக்குப் பங்கு கேட்கிறார்கள்.

உழைப்பும் விளையாட்டும் உடம்புக்கு ஒன்றுதானா? மருத்துவ ஆய்வில் இது பழைய கேள்வி. 1953-ல் ஜெரமி மாரிஸ் லண்டன் இரட்டை மாடிப் பஸ்களின் ஓட்டுநர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம். மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்குக் குறைவு. உடலசைவு இதயத்தைக் காக்கிறது என்ற இன்றைய அறிவின் அடித்தளம் அந்த ஆய்வுதான். வேலையாகச் செய்த அசைவும் காக்கும் என்பது அதிலிருந்து தெரிந்தது. டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்ட்டர்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் பின்னால் செய்த ஆய்வுகள் வேறு பக்கத்தைக் காட்டின. ஓய்வுநேரத்தில் ஓடி ஆடுகிறவர்களுக்குக் கிடைக்கிற பலன், பாரம் தூக்கி, நின்றபடியே நாள் முழுக்கப் பிழைப்புக்காக அசைகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. சிலருக்கு இதய நோய்கூடக் கூடுகிறது. அந்த உழைப்பில் வேகம் குறைவு, நேரம் அதிகம், இடையில் ஓய்வு கிடையாது என்பது அவர்கள் தரும் விளக்கம். இரண்டும் பெரியவர்களிடம் எடுத்த கணக்குகள். பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் களை வெட்டுகிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கிறவருக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கணக்கெடுப்புகளில் வேலை, நடை, விளையாட்டு மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, ஆண், பெண் பிரித்து எழுதாதவரை நமக்குக் கிடைக்கிற சதவீதங்களுக்கு அர்த்தம் பாதிதான்.

“பிள்ள ஒல்லிக்குச்சியா இருக்கான், அவனுக்குப் போய் சுகர் வருமா?” என்று கேட்கிற தாய்க்கு என்ன பதில் என்பதில்தான் இந்த விஷயத்தின் கனம் இருக்கிறது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், அங்கே கிராமங்களில் பிறந்த பிள்ளைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் பிறந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார். நம் பிள்ளைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் நம் பிள்ளைகளுக்கு அந்த அளவுக்கே குறைந்திருந்தன. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. 2004-ல் யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினும் தங்கள் படத்தையே லான்செட்டில் போட்டார்கள். உயரத்துக்கான எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியான தோற்றத்துக்குள் கொழுப்பு இருக்கும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். கருவில் பட்டினி கிடந்து, பிறகு ரேஷன் அரிசியில் வயிறு நிறைந்து, பெஞ்சில் உட்கார்ந்து வளர்கிற உடம்புக்குத் தசை போதாது. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவி இல்லாமலேகூடச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அசையாத தசை அந்த வேலையைச் செய்யாது.

2016 முதல் 2018 வரை மத்திய சுகாதார அமைச்சகம் யுனிசெப் உதவியோடு நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு இதை எண்களில் காட்டியது. 10 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேர் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற எடையில்லாமல் மெலிந்தவர்கள். எடை கூடியவர்கள் 5 சதவீதம்தான். அதே பிள்ளைகளில் 10 சதவீதம் பேர் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தார்கள். 16 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கொழுப்பு அதிகம். 5 சதவீதம் பேருக்கு இரத்த அழுத்தம். குண்டுப் பிள்ளைகளை மட்டும் கவலையோடு பார்க்கிற பள்ளிகள் இந்த எண்களை எதிரெதிராக வைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னபோது நாடே அதிர்ந்தது. அந்த நோய் தொடங்குகிற வயதுக்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை.

எலும்பின் கணக்கு இதைவிடக் கறாரானது. கனடாவின் சஸ்காட்செவானில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, ஒரு மனிதர் ஆயுளுக்கும் சேர்க்கிற எலும்புச் சத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது என்று தெரிந்தது. பெண் பிள்ளைக்கு அந்த ஆண்டுகள் பன்னிரண்டரை வயதை ஒட்டி. பையனுக்குப் பதினான்கை ஒட்டி. குதித்தும் ஓடியும் எலும்பின்மேல் அழுத்தம் விழுந்தால்தான் அது உறுதியாகச் சேரும். வாரத்துக்கு மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டுகிற அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் சொல்வது இதனால்தான். கம்பும் கேப்பையும் சோளமும் தின்று வளர்ந்த மண் இது. கேப்பையில் உள்ள சுண்ணாம்புச் சத்துக்கு அரிசி பக்கத்தில்கூட வராது. உணவும் போய், குதிப்பும் போனால், அறுபது வயதில் இடுப்பெலும்பு முறிகிற கதை பன்னிரண்டு வயதிலேயே எழுதப்பட்டுவிடும்.

அந்தப் பன்னிரண்டு, பதிமூன்று வயதில்தான் கரிசலில் பெண் பிள்ளையை வீட்டுக்குள் இழுக்கிறோம். “சமைஞ்ச பிள்ளைக்கு ரோட்டுல என்ன ஓட்டம்?” என்று ஒரு வார்த்தை போதும். சடங்கு முடிந்த மறுவாரம் நொண்டியும் கோகோவும் நின்றுவிடும். நம் பாட்டிமார் பெண்களுக்கென்று விட்டுவைத்த விளையாட்டுகளைப் பாருங்கள்: தட்டாங்கல், பல்லாங்குழி, தாயம். மூன்றும் திண்ணையில் உட்கார்ந்து ஆடுகிறவை. பாரம்பரிய விளையாட்டை மீட்போம் என்று மேடையில் பேசுகிறவர்கள் எந்த விளையாட்டை, யாருக்கு என்று சொல்லிவிட்டுப் பேசினால் நல்லது.

வீட்டின் பயத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சீமைக்கருவேல் அடைத்த பாதை, விளக்கில்லாத பஸ் ஸ்டாப், சாதி பார்த்துப் பேச்சு கிளப்புகிற ஊர். ஒரு தெருவுப் பிள்ளைகள் இன்னொரு தெருவின் மந்தையில் ஆட முடியாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அதற்குமேல் இரத்தசோகை. அதே தேசியக் கணக்கெடுப்பில் வளரிளம் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. பையன்களில் 18 சதவீதம். இரத்தம் குறைந்த பிள்ளை இரண்டு சுற்று ஓடினாலே மூச்சிரைத்து உட்கார்ந்துவிடும். அதற்குச் சோம்பல் என்று பெயர் சூட்டி ஒதுக்குகிற ஆசிரியர்கள் உண்டு. வாராவாரம் பள்ளியில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையையும், 2011-ல் ஆரம்பித்த புதுயுகம் திட்டத்தின் நாப்கினையும், பள்ளியில் தண்ணீர் வருகிற கழிப்பறையையும் விளையாட்டுச் சாமான் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்பேன். இவை இல்லாமல் ஒரு பெண் பிள்ளை மாதம் முழுவதும் மைதானத்துக்கு வர முடியாது.

ஊர் மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. குவாரிக் கூலிகளும் விவசாயப் பெண்களும் ஆயிரக்கணக்கில் தெருவில் ஓட்டினார்கள். முதல் மாதங்களில் கிளம்பிய கேலிப் பேச்சு, ஓட்டுகிறவர்களின் எண்ணிக்கை கூடியதும் அடங்கிப்போனது. தனியாக ஒரு பிள்ளை ஓடினால் ஊர் பேசும். நாற்பது பிள்ளைகள் ஓடினால் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

இனி செல்போன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. கீழ்வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் திரும்பி வந்தார்கள். இடையில் பாடத்தின் பெயரால் கைக்கு வந்த போன் திரும்பப் போகவில்லை. 2023-ல் 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப் பிள்ளைகளிடம் நடத்திய அசர் (ASER) கல்வி நிலைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. போன் தூக்கத்தைத் தின்கிறது என்பதற்கு ஆதாரம் வலுவானது; இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். நீண்ட நேரத் திரை, உடல் எடையோடும் மனச்சோர்வோடும் சேர்ந்தே காணப்படுகிறது என்பதும் திரும்பத் திரும்பத் தெரிந்த செய்திதான். ஆனால் எத்தனை மணி நேரத்துக்கு மேல் போனால் கேடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் எல்லை எதுவும் போடவில்லை. அதற்குப் போதிய சான்று இல்லை என்பதால் குறையுங்கள் என்று மட்டும் சொன்னது. அதே அசர் ஆய்வில் இன்னொரு விவரமும் இருக்கிறது. போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்த பையன்கள் 44 சதவீதம், பெண் பிள்ளைகள் 20 சதவீதம். போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் பெண் பிள்ளைகள் அல்லவா அதிகம் ஓடி ஆடியிருக்க வேண்டும்? வீட்டுவேலையைச் சேர்த்து எண்ணியும் அவர்கள் பையன்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். போனைப் பிடுங்கி வைத்தால் அந்த நேரத்தில் பிள்ளை எங்கே போகும் என்ற கேள்விக்கு இடம் காட்டாத வரைக்கும், போனைத் திட்டுவதில் பயனில்லை.

வெளியே போவதால் கண்ணுக்கும் லாபம் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். அங்கே கிட்டப்பார்வை 30 சதவீதப் பிள்ளைகளுக்கு வந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். பகல் வெளிச்சம் போதிய அளவு கண்ணில் பட்டால் கண்கோளம் நீண்டு வளர்வது மட்டுப்படுகிறது என்பது விளக்கம். வெளிச்சத்துக்குக் கரிசலில் என்றைக்கும் பஞ்சமில்லை.

இடத்துக்குத்தான் பஞ்சம். வெட்டவெளியாகக் கிடக்கிற ஊரில் இப்படிச் சொல்வது வெளியூர்க்காரருக்கு விளங்காது. கரிசல் மண் மழையில் உப்பி, காலைப் பிடித்து இழுக்கும். பங்குனி, சித்திரையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். சரளையும் செம்மண்ணும் கொட்டி இறுக்கினால்தான் அதில் ஓட முடியும். இல்லையென்றால் கணுக்கால் பிசகும். ஆனியிலும் ஆடியிலும் கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று பள்ளி மைதானத்துப் புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கும். ஒரு காலத்தில் தண்ணீர் வற்றிய கம்மாய்தான் பையன்களின் கிரிக்கெட் மைதானம். இப்போது பல கம்மாய்களுக்குள் சீமைக்கருவேல் அடர்ந்துவிட்டது. களங்களில் பாதி வீட்டுமனையாகிவிட்டன. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. கரிசலில் அந்த மைதானம் எந்த மண்ணில் இருக்க வேண்டும் என்று எந்த உத்தரவும் சொல்வதில்லை.

2006-ல் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிகளில் நூலகத்தோடு விளையாட்டுத் திடலும் அமைத்தது. 2024-ல் கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட் என்று பந்து, மட்டை, வலையெல்லாம் ஊராட்சிகளுக்கு வந்தன. இடமும் வந்தது, சாமானும் வந்தது. ஐந்து மணிக்கு வந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்துகிற ஆளுக்கு மட்டும் யாரும் பணம் ஒதுக்கவில்லை. பள்ளிக்குள்ளும் அதே குறைதான். நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள நடுநிலைப் பள்ளிகளுக்குப் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்லி, 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி எல்லாவற்றுக்குமாக 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழக அரசு எடுத்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்றார்கள்.

இருக்கிற பி.டி. பீரியடும் கணக்கு ஆசிரியருக்கும் அறிவியல் ஆசிரியருக்கும் போய்விடுகிறது. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே, பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். மார்க் குறைந்துவிடும் என்ற பயத்துக்கு விடை 1970-களிலேயே கனடாவின் த்ருவா ரிவியரில் கிடைத்துவிட்டது. அங்கே தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்துத் தினமும் ஒரு மணி நேரம் உடற்கல்வி கொடுத்தார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் அதையே சொல்கின்றன.

கோவில்பட்டியைச் சொல்லாமல் இந்த வட்டாரத்தின் விளையாட்டைப் பேச முடியாது. ஹாக்கி இங்கே பல தலைமுறைச் சொத்து. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும் நாட்களில் ஊரே மைதானத்தில் இருக்கும். செயற்கை இழைத் திடல் இருக்கிறது, அரசின் சிறப்பு விளையாட்டு விடுதி இருக்கிறது. 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே பயிற்சி பெற்ற அரியலூர்க்காரர் கார்த்தி செல்வமும் ஆடினார்கள். எளிய வீட்டுப் பிள்ளைகள் இந்தியச் சட்டை போட்டது இந்த மண்ணுக்குப் பெருமை, அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் விடுதி தேர்ந்தெடுக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை கொஞ்சம். தேர்வாகாத பிள்ளையின் எலும்புக்கும் இதயத்துக்கும் யார் பொறுப்பு? நம் பள்ளிகளில் விளையாட்டு என்றாலே வெல்லத் தெரிந்த பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்துப் போட்டிக்கு அனுப்புவது என்றாகிவிட்டது. மீதி நானூறு பேர் ஓரத்தில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் பெரியவர்களிடம் எடுத்து 2014-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில், ஓய்வுநேரத்தில் உடம்பை அசைக்கிறவர்கள் பத்து சதவீதம்கூடத் தேறவில்லை. ஓரத்தில் உட்கார்ந்த நானூறு பேர் வளர்ந்தால் அந்தக் கணக்குதான் வரும்.

என்ன செய்யலாம் என்பதற்கு வெளியே தேடி அலைய வேண்டாம். ஒன்றிரண்டு யோசனை மட்டும் கடன் வாங்கலாம். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகரப் பள்ளி ஒன்றில் 2012-ல் தலைமையாசிரியை எலைன் வைலி தினமும் 15 நிமிடம் பிள்ளைகளை ஓடவோ நடக்கவோ விட்டார். சீருடையோடு, போட்டியில்லாமல், எல்லாப் பிள்ளைகளும். அது பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நமக்கு அதைக் காலை வழிபாட்டுக்கு முன்னால், வெயில் ஏறுமுன் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வண்டி சரளை போதும். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனத்தினர் வளரிளம் பெண்களுக்காகத் ‘தாண்டவ்’ என்று பத்து நிமிட வேக நடனம் ஒன்றை அமைத்தார்கள். பாட்டுப் போட்டு, மூச்சிரைக்க ஆடி முடிப்பது. வகுப்பறைக்குள்ளேயே ஆடலாம் என்பதால் ரோட்டில் ஓட்டமா என்று கேட்கிற தாய்க்கும் ஆட்சேபம் இராது.

மாலைக்கான ஆள் எங்கே என்பதற்கு நம்மிடமே பழக்கப்பட்ட வழி உண்டு. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருவுப் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். தெரிந்த அக்கா வீட்டுக்குப் போகிறது என்பதால் எந்தத் தாயும் தடுக்கவில்லை. அதே அக்காவை, அதே ஐந்து மணிக்கு, அதே பிள்ளைகளோடு மந்தையில் நிற்கவைத்தால் போதும். ஆயிரம் போதாது, கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வது, வெயிலில் எப்போது நிறுத்துவது, எல்லாத் தெருவுப் பிள்ளைகளையும் ஒரே வட்டத்தில் எப்படி நிறுத்துவது என்று அவருக்குப் பத்து நாள் பயிற்சி வேண்டும். வாலிபால் வலை ஒன்று, கோகோவுக்குக் கம்பம் இரண்டு, குடிக்கத் தண்ணீர், ஆறரைக்கு எரிகிற ஒரு தெருவிளக்கு. பெண் பிள்ளைகளுக்கென்று வாரத்தில் மூன்று நாளாவது தனி நேரம்.

மணியாச்சிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் இதைச் செய்து பார்க்க நல்ல மாதம் தை. மழை விட்டு மண் இறுகியிருக்கும், பெரிய வெடிப்பு இன்னும் விழுந்திருக்காது, ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்திருக்கும். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு வெட்டிச் சமப்படுத்திய இடம் அப்படியே கிடக்கும். அதை மறுநாள் காலையில் அப்படியே விட்டுவிடாமல் சித்திரை வரைக்கும் வைத்திருந்தால் முதல் மூன்று மாதம் ஓடிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் பரீட்சையைச் சொல்லி நிறுத்திவிடக் கூடாது என்று மட்டும் முதல் நாளே பெற்றோரிடம் பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.